நாலில் ஒரு பங்கு

மருத்துவமனை கேண்டீனில் அவளுக்கு நாக்கக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் அக்கா. நாக்கு, முதுகுக்குப் பின்னால் மட்டும்.

காலை ஐந்தரைக்கு உள்ளே போனால் மூன்றரைக்கு வெளியே வருவாள். அதற்குள் நானூற்று இருபது பேருக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்திருக்கும். அடுப்படியில் நிற்க ஆறு பேர் இருந்தார்கள். அவள் வேலை மூடியைத் திறப்பது. ஒவ்வொரு அண்டாவாகப் போய் மூடியைத் தூக்குவாள். ஏப்ரன் பையிலிருந்து ஸ்பூனை எடுத்து ஒரு சொட்டு நாக்கில் வைப்பாள். குறையைச் சரிசெய்துவிட்டு மூடியைப் போட்டு அடுத்த அண்டாவுக்கு நகர்ந்துவிடுவாள். யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டாள். சொல்லி, அவர்கள் கேட்டு, செய்து முடிப்பதற்குள் சாப்பாட்டு வண்டி கிளம்பிவிடும். உப்போ காரமோ, அவள் கையே போட்டுவிடும். எதிலும் தேறாத அண்டாவுக்கென்று பையில் ஒரு சின்னத் தகர டப்பா இருந்தது. கோழி சூப் பொடி. இரண்டு சிட்டிகை போட்டால் செத்த சூப்பும் எழுந்து உட்காரும்.

இப்படி இருபத்தோரு வருடம். நாள் முழுக்க நாக்கில் எதையாவது வைத்து வைத்து, பசி என்ற ஒன்று அவளுக்கு வருவதே நின்றுபோயிருந்தது. வீட்டுக்கு வந்தால் மறுபடி அடுப்பு. இங்கே ஆறு பேர் இல்லை. ஒரு கையைச் சுவரில் ஊன்றி ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்து, பிறகு அடுத்த காலுக்குக் கொடுத்து, இரவுச் சாப்பாட்டை முடிப்பாள். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தன. டாக்டர் உட்காரச் சொன்னார். எப்போது என்று சொல்லவில்லை.

அவள் கணவர் குளிர்பதன மெக்கானிக். கறிக்கிடங்குகளின் குளிர் அறைகளைப் பழுதுபார்ப்பவர். ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டில் இருந்த கறித்துண்டை ஓரமாக ஒதுக்கினார்.

"என்ன, வேகலையா?" என்றாள்.

"வெந்திருக்கு. எனக்கு இனிமே வேண்டாம்."

கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஒரு கிடங்கில் குளிர் அறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கருவிப் பெட்டியை வெளியே வைத்துவிட்டு, கைப்பிடியைப் பார்க்க உள்ளே போயிருக்கிறார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்க முடியவில்லை. திறக்க முடியாது என்பதுதானே புகார்.

மகள் சிரித்துவிட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். சிரிப்பை அடக்கும் வயது இல்லை. "அப்பா, அதைச் சரி பண்ணத்தான போனீங்க?"

"ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம்." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரிசையாத் தொங்கிட்டிருந்துச்சு. கால் வலிச்சுது. ஒண்ணு மேல முதுகைச் சாய்ச்சேன். சாய்ஞ்சா ஆள் மாதிரியே தாங்கிக்கிச்சு."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். 

மறுநாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. சர்வீஸ் ரசீதின் பின்பக்கம். முதல் மாதம் ஆடு, மாடு. இரண்டாம் மாதம் கோழி. மூன்றாம் மாதம் மீன். நான்காம் மாதம் முட்டை. ஐந்தாம் மாதம் பால், தயிர், வெண்ணெய். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம்.

"வேண்டாம்னா ஒரேயடியா விட வேண்டியதுதானே?" என்றாள் மகள். "அது என்ன தவணை முறை?"

"ஓடிட்டிருக்கற கம்ப்ரஸரைப் பட்டுனு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு வால்வா மூடணும். இல்லேன்னா மோட்டார் கருகிடும்."

"நீங்க மோட்டாராப்பா?"

"அம்பத்திரண்டு வருஷமா ஓடுது. பின்ன என்ன?"

அவள் அந்தச் சீட்டைப் படிக்கும்போது வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இவருக்கு ஒரு சட்டி, மகளுக்கும் தனக்கும் ஒரு சட்டி. சுவரில் ஊன்ற இன்னொரு கை வேண்டும்.

"ரெண்டு சட்டி என்னால ஆகாதுங்க," என்றாள்.

"உன்னை யாரு வெக்கச் சொன்னா? நான் வெக்கறேன். மூணு பேருக்கும்."

அவளும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெந்நீர் வைக்கப் போய்ப் பாத்திரத்தைக் கருக்கிய மனிதர்.

ஆனால் வைத்தார். ஐந்து மணிக்கு வேலையிலிருந்து வந்து, கையில் கிரீஸ் போகத் தேய்த்து, ஐந்தரைக்கு அடுப்பைப் பற்றவைத்தார். வெங்காயத்தை ஒரே அளவில் நறுக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஆட்டுக்கறி இல்லாத சூப், உருளைக்கிழங்கு, பருப்பு, அவரை. எல்லாமே வேக வைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

அந்த ஐந்தரைக்கு அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஜன்னலோரம் போட்டு, எதிரே பக்கெட்டைக் கவிழ்த்து, அதன் மேல் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். தெருவில் ஆட்கள் வேலை முடிந்து போனார்கள். எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி துணி எடுத்தாள். ஒன்றரை மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் தெரு எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை.

முதல் சிட்டிகை விழுந்தது அந்த முதல் மாதத்தில்தான். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். சட்டி மூடியிருந்தது. மூடி கண்ணில் பட்டால் அவள் கை சும்மா இருக்காது. தூக்கியது, ஸ்பூன் போனது, நாக்கு பார்த்தது, ஏப்ரனோடு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த டப்பா திறந்தது. மூடியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க மறந்து நாற்காலிக்குத் திரும்பினாள். தான் என்ன செய்தோம் என்றே அவளுக்குத் தெரியாது.

சாப்பிடும்போது அவர் ஸ்பூனை வாயிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னிக்கு வந்துடுச்சுல்ல?"

"அப்பா! நல்லா இருக்குப்பா," என்றாள் மகள். அவள் குரலில் இருந்த ஆச்சரியம் யாரையும் புண்படுத்தியிருக்கும். அவரைப் புண்படுத்தவில்லை.

பிறகு வந்த நாட்களிலும் கை அதையே செய்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. சீட்டுப்படி கோழி அப்போது திறந்திருந்தது.

இரண்டாம் மாதம் பிறந்து மூன்றாவது நாள், கோழிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டதாக அவர் அடுப்படியிலிருந்து சத்தமாகச் சொன்னார். அப்போது அவள் கை சட்டிக்கு மேல் இருந்தது. இரண்டு விரலுக்கு நடுவே பொடி. முந்தின இரண்டு நாளும் அது சட்டிக்குள் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. பொடியை டப்பாவிலேயே உதறினாள். டப்பாவைக் கைப்பையின் அடியில் தள்ளினாள்.

அன்றைக்கு அவர் பாதி சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"எனக்கு வராது போலிருக்கு. இவ்வளவு நாள் வந்தது குருட்டாம்போக்கு." தட்டைத் தள்ளினார். அவர் முகமும் அந்தத் தட்டு மாதிரிதான் இருந்தது. "நாளையிலேர்ந்து நீயே பழையபடி வெச்சிடு. எனக்கு ரெண்டு கிழங்கு வேகப் போட்டா போதும்."

அவள் திரும்பினாள். ஜன்னலோர நாற்காலியைப் பார்த்தாள். பக்கெட் இன்னும் கவிழ்ந்தபடியே இருந்தது.

"ஒரு நாள்ல என்ன தெரியும்? நாளைக்கும் நீங்களே வெச்சுப் பாருங்க," என்றாள்.

மறுநாள் அவர் கை கழுவப் போனபோது அவள் எழுந்து போனாள். இந்த முறை என்ன செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள்.

அதிலிருந்து அவருக்குக் கை வந்துவிட்டது. மீனை விட்டார். டிக். முட்டையை விட்டார். டிக். மாவைக் கரைத்துத் தோசைக்கல்லில் ஊற்றி ஆம்லெட் என்றார். மகள் அதற்கு 'மோசடி' என்று பெயர் வைத்தாள். "அப்பா, இன்னொரு மோசடி போடுங்க" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அவள் குனிந்து சோற்றைப் பிசைவாள்.

பால் வந்தபோதுதான் அவர் திணறினார். பால் இல்லாத டீயைப் பத்து நாள் மருந்து மாதிரி மூக்கைப் பிடித்துக் குடித்தார். வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பார்த்தார். ஓட்ஸில் எடுத்தார். எதுவும் டீயோடு சேரவில்லை. கடைசியில் கறுப்பு டீயிலேயே நின்றார். "நாக்கும் ஒரு வால்வுதான். கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான்," என்றார். ஒரு நாளும் பின்வாங்கவில்லை.

அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு சொட்டுப் பாலுக்கு இவ்வளவு பாடு படுகிற மனிதரின் சட்டியில் தினமும் கோழி.

வார விடுமுறை நாளில் அவள் உட்கார வேண்டும். உட்காரவில்லை. காய்ந்த காளானை வாணலியில் வறுத்தாள். வெங்காயத்தையும் பூண்டையும் கருகும் பதத்துக்கு முன்னால் எடுத்து உலர்த்தினாள். தக்காளித் தோலை வெயிலில் காயவைத்தாள். எல்லாவற்றையும் உப்போடு பொடித்து நாக்கில் வைத்தாள். கிட்ட வந்தது. ஒட்டவில்லை. கோழிப் பொடியில் ஒரு கொழுப்பு இருந்தது, நாக்கின் பின்பக்கம் போய் உட்காரும் ஒன்று. அது காளானில் இல்லை. அடுத்த வாரம் எள் சேர்த்தாள். அதற்கடுத்த வாரம் எள்ளைக் குறைத்தாள்.

ஒரேயடியாக மாற்றினால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் கலந்தாள். முதலில் டப்பாவில் நாலில் ஒரு பங்கு காளான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பாதி. பிறகு முக்கால். அங்கே நின்றுவிட்டது. முழுக்கக் காளான் பொடியையே போட்ட அன்று அவர் ஸ்பூனை வைத்துவிட்டு, "இன்னிக்கு எங்கியோ லீக்கு," என்றார். மறுநாள் மறுபடி முக்கால். அந்தக் கடைசி நாலில் ஒரு பங்கு அதற்குப் பிறகு அசையவேயில்லை.

ஐந்தாம் மாதத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த அவள் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். காலையிலேயே பெரிய பாத்திரத்தை இறக்கினார். பயறும் கிழங்கும் காளானும் போட்டு ஒரு குழம்பு. ஆறு பேருக்குப் போதும் அளவு.

"நாலு பேருக்கு எதுக்கு இவ்வளவு?" என்றாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும்."

அவர் குளிக்கப் போனார். அவள் எழுந்தாள். பாத்திரம் பெரிது. நாலு சிட்டிகை.

தம்பி வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். வாய் அவன் வெல்டிங்கைவிடச் சூடு. முதல் வாய் சாப்பிட்டதும் தலையை ஆட்டினான். இரண்டாவது வாய்க்குச் சட்டியைக் கிளறிப் பார்த்தான்.

"மாமா, சத்தியமாச் சொல்லுங்க. கோழி எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒரு இறகு கூடக் கிடையாது."

"நாக்குல தெரியுதே!"

"அதுதான் மாப்ளே கைப்பக்குவம்கறது."

தம்பி அக்காவின் பக்கம் திரும்பினான். "இருபத்தோரு வருஷமா கேண்டீன்ல நீ என்னக்கா கிழிச்சே? மாமா அஞ்சு மாசத்துல உன்னைத் தூக்கி ஓரமா வெச்சுட்டாரே."

"ஆமாடா, வெச்சுட்டாரு," என்றாள். தண்ணீர் எடுத்துவர எழுந்தாள். தண்ணீர் மேசையில்தான் இருந்தது.

அவர் உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். பிறகு, வெகுநேரமாக அடக்கி வைத்திருந்ததைச் சொன்னார். மீதிக் குழம்பு நாளைக்கு வேலைக்குப் போகிறது. அவர்கள் சர்வீஸ் கம்பெனி டிப்போவில் ஒரு ஸ்டோர் கீப்பர் இருக்கிறார். பிறந்ததிலிருந்து மாமிசம் தொட்டதில்லை. பால்கூடக் குடிக்காதவர்.

"பதினெட்டு வருஷமா எங்களோட இருக்காரு. யாரு டப்பாலேர்ந்தும் ஒரு வாய் வாங்கினதில்ல. நாங்க எல்லாம் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம், அவரு தனியா வாசப்படியில உக்காந்துக்குவாரு. நாளைக்கு எங்ககூட உக்கார்றேன்னு சொல்லியிருக்காரு. 'உங்க சட்டின்னா சாப்பிடறேன்'னாரு."

"பெரிய மனுஷன் ஆயிட்டீங்க மாமா," என்றான் தம்பி. இந்த முறை கிண்டல் இல்லை.

தம்பி போனதும் அவர் பாத்திரம் கழுவினார். மகள் துடைத்து வைத்தாள். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நடுத் தட்டில் மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. அவர் எதையும் இறுக்கமாகத்தான் போடுவார்.

கீழே தட்டிவிட்டால் முடிந்தது. கை தவறிவிட்டது என்றால் போதும். இருபத்தோரு வருடத்தில் அவள் கை தவறியதே இல்லை, அதுதான் சிக்கல். அப்படியே நம்பினாலும், அவர் சாயங்காலம் இன்னொரு சட்டி வைப்பார். அதில் அவள் பொடி போடக் கூடாது. போடாவிட்டால் அது சப்பென்று இருக்கும். அவர் முகம் விழும். அதற்கு ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த நாளுக்கு ஒன்று. நாலு மாதமாகச் சுமந்ததை இன்னும் எவ்வளவு தூரம் சுமப்பது என்று நினைத்தபோது, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் வேண்டாம் என்றன.

கேரியரை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இதை நாளைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க."

"ஏன், கெட்டுடுச்சா?"

"இதுல கோழி இருக்கு."

அவர் சிரித்தார். "உன் தம்பி வாய் உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

அவள் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து கேரியருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். அந்த வாசனை அவருக்குத் தெரியும். தன் கைப்பக்குவம் என்று நாலு மாதமாக நம்பிய வாசனை.

"எவ்வளவு?" என்றார். மெக்கானிக் முதலில் அளவைத்தான் கேட்பார்.

"நாலுல ஒரு பங்கு. மீதி காளான். நான் பொடிச்சது."

"எப்பலேர்ந்து?"

"மொத மாசத்துலேர்ந்து. அப்ப லிஸ்டுல கோழி இருந்துச்சு. அதுக்கப்பறம் கை நிக்கல."

"கையா?"

"மொதல்ல கை. அப்பறம் நான்தான்."

மகள் துடைத்த தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்?"

"நல்லா வரலேன்னா நீங்க விட்டுடுவீங்க. அன்னிக்கே விடறேன்னீங்க. நீங்க விட்டா மறுபடி நான் நிக்கணும்." அவள் உட்கார்ந்தாள். "என்னால நிக்க முடியலங்க."

அவர் டப்பாவின் மூடியை இறுக்கிப் போட்டார். அவளே மறுபடி பேசினாள். பேசியிருக்க வேண்டாம்.

"படிப்படியாக் கொறைச்சுக்கிட்டுத்தான் வந்தேன். பட்டுனு நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து சீட்டை எடுத்தார். கோழிக் கட்டத்து டிக்கை ரப்பரால் அழித்தார். மெதுவாக, தாள் கிழியாமல். பிறகு சீட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டாவது வால்வு மூடவேயில்ல. அதுக்கு மேல மூணு வால்வை மூடியிருக்கேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த மனுஷனுக்கு ஊட்டியிருப்பேன்."

அவ்வளவுதான். கேரியரை மகளிடம் கொடுத்து மாமா வீட்டில் கொடுத்துவிடச் சொன்னார். தம்பி அதை ராத்திரிக்கும் சாப்பிட்டான் என்று பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை அவர் வேகவைத்த கிழங்கும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனார். செவ்வாயும் அதுவே. மாலையில் அடுப்படிப் பக்கம் வரவில்லை. ஐந்தரைக்கு அவள் நின்றாள். ஒரு கை சுவரில். மகளுக்கும் தனக்கும் ஏதோ ஒன்றை வேகவைத்தாள். நாற்காலி மேல் துணிகள் சேர்ந்தன. ஸ்டோர் கீப்பரிடம் என்ன சொன்னார் என்று கேட்கத் தயங்கி, புதன்கிழமை கேட்டாள்.

"எங்க சட்டி இன்னும் சுத்தமாகல, ஆனதும் சொல்றேன்னேன்."

"அதுக்கு அவரு?"

"சரின்னாரு. வாசப்படிக்குப் போயிட்டாரு."

'எங்க சட்டி' என்றிருக்கிறார். அவள் பெயரை இழுக்கவில்லை. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

"இந்த வீட்டுல யாராவது யாரையாவது திட்டித் தொலைங்களேன்," என்றாள் மகள். "இதுக்கு ஹாஸ்டல் தேவலாம். அங்க சாப்பாடு மட்டும்தான் கேவலமா இருக்கும்."

யாரும் திட்டவில்லை. திட்டத் தெம்பு வேண்டும்.

கேண்டீனில் அவள் மூடியைத் திறந்தாள், மூடினாள். டப்பாவை அங்கேயே அலமாரியில், மிளகுக்கும் சீரகத்துக்கும் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். பையில் அது இல்லாத இடத்தை விரல்கள் நாளுக்குப் பத்து முறை தடவிப் பார்த்தன.

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாவது நாள் அவளுக்கு வேலை முடியத் தாமதம். சாப்பாட்டு வண்டி ஒன்று சக்கரம் கழன்று நின்றுவிட்டது. ஐந்தரைக்கு மேல் வீட்டுக் கதவைத் திறந்தபோது வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. ஒரே அளவில், ஒரே இடைவெளியில்.

நாற்காலி ஜன்னலோரம் இல்லை. அடுப்படி வாசலுக்கு வெளியே போட்டிருந்தது. எதிரே பக்கெட் கவிழ்ந்திருந்தது. வாசலுக்குக் குறுக்கே தரையில் ஒரு மஞ்சள் நாடா, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"மெஷின் ரூம்ல ஒட்டுவோம். இதைத் தாண்டி ஆள் வரக் கூடாது." திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "உக்காரு."

உட்கார்ந்தாள். காலைத் தூக்கிப் பக்கெட்டில் வைத்தாள். அவர் எண்ணெயை ஊற்றி வெங்காயத்தைப் போட்டார். கொஞ்ச நேரம் கிளறினார். தக்காளித் தட்டைக் கையில் எடுத்தார். அவள் கை அவளை அறியாமல் நாற்காலிப் பிடியை அழுத்தி எழப் பார்த்தது.

"கை வேண்டாம். வாயால சொல்லு," என்றார் அவர். முதுகில் கண் இருந்தது.

அவளுக்கு வாய் வரவில்லை. இருபத்தோரு வருடத்தில் எந்த அண்டாவுக்கும் அவள் வாயால் எதுவும் சொன்னதில்லை.

"இன்னும் ஆகல," என்றாள்.

"எது ஆகல?"

"வெங்காயம்."

"ஆனா எப்படித் தெரியும்?"

"அது..." கையை மடியில் போட்டுக்கொண்டாள். "சத்தம் கேளுங்க. இப்ப தண்ணி சத்தம். அந்தத் தண்ணியெல்லாம் போகணும். போனா சத்தம் மெலிசாகும், வறண்டு வரும். அப்பதான் தக்காளி."

அவர் தட்டை வைத்துவிட்டுச் சட்டிக்குக் காதைக் கொடுத்தார். கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கும்போது அப்படித்தான் நிற்பார், தலையை ஒருபக்கம் சாய்த்து.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"இன்னும் இல்ல. அடுப்பைக் கொறைங்க."

மகள் உள்ளே வந்து, அப்பாவையும் அம்மாவையும் தரையிலிருந்த நாடாவையும் பார்த்தாள். "ஆக்சிடென்ட் ஸ்பாட்டா இது?" என்று கேட்டுவிட்டு நாடாவைத் தாண்டி உள்ளே போய் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்துக்கொண்டு போனாள்.

"அவ தாண்டறாளே," என்றாள் அவள்.

"அவ ஆபத்தில்லாத ஆளு."

அவள் பக்கெட் மேல் காலை மாற்றி வைத்தாள். 

சத்தம் மெலிந்தது. அவர் அவளைக் கேட்காமலே தக்காளியைப் போட்டார். சரியான நேரம். அவள் அதைச் சொல்லவில்லை. அவர் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தாள். பருப்பு வெந்தது. நடுவில் கொஞ்சம் அடிபிடித்தது. வாசனை முதலில் அவளுக்குத்தான் வந்தது, "அடி," என்றாள், அவர் சட்டியைத் தூக்கினார். ஸ்பூனில் கொஞ்சம் எடுத்து, ஊதி, நாடாவுக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார். அவள் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"உப்பு பத்தல. அரை ஸ்பூன் போடுங்க. ஒரு எலுமிச்சை மூடி பிழியுங்க. அடுப்பை அணைச்சுட்டுப் பிழியணும்."

போட்டார். பிழிந்தார்.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரவர் இருந்த இடத்திலேயே சாப்பிட்டார்கள். அவர் அடுப்படித் தரையில், மகள் சுவரோரம், அவள் நாற்காலியில். அந்தப் பழைய வாசனை இல்லை. நாக்கின் பின்பக்கம் எதுவும் போய் உட்காரவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவள் ஒரு வாய் முழுங்கினாள். "சப்புனு இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். இன்னொரு வாய் சாப்பிட்டார். "ஆமா. சப்புனுதான் இருக்கு."

"சாப்பிடலாம்," என்றாள் மகள். "உயிருக்கு ஆபத்தில்ல."

"அந்தக் காளான் பொடி மிச்சம் இருக்கா?" என்றார் அவர். "வெறும் காளான்."

"இருக்கு. மேல் தட்டுல, கண்ணாடி பாட்டில்ல."

"நாளைக்கு என் கண்ணு முன்னால எடுப்போம்."

சீட்டு மறுபடி ஃப்ரிட்ஜ் கதவுக்கு வந்திருந்தது. கோழிக் கட்டத்தில் டிக் இல்லை. பக்கத்தில் பென்சிலில் அன்றைய தேதி மட்டும் இருந்தது. அதிலிருந்து ஒரு மாதம் எண்ணுவார். அதன் பிறகு ஸ்டோர் கீப்பர். கேட்க வேண்டிய அவசியம் இல்லை, அவர் கணக்கு அவளுக்குத் தெரியும்.

சோறு தொண்டையில் மாட்டியது. தண்ணீர்ச் செம்பு அடுப்படி மேடையில் இருந்தது. அவள் பக்கெட்டிலிருந்து ஒரு காலை இறக்கினாள். பாதம் நாடாவுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. காலைத் திரும்பப் பக்கெட்டில் தூக்கி வைத்தாள்.

"தண்ணி," என்றாள்.

அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.